விடுதலை பெற்ற கைதிகள்

கோர்ட்டில் ‘விடுதலை’ என்று தீர்ப்புப் படித்தால், கூண்டில் நிற்பவன் இறங்கி வீட்டுக்குப் போவான் என்பதே பொதுஜனங்களின் எண்ணம். சாதாரணமாக நடப்பதும் அதுவே. ஆனால் நமது நாட்டு நியாயஸ்தலங்கள் வேறொரு வகை விடுதலையையும் வழங்கி வருகின்றன. அதைப் பெற்றவன் வந்த வழியே காவலுக்குத் திரும்பிப் போகிறான். ஐந்து வருஷ தண்டனை பெற்றவன் தான் வெளிவரும் நாளைச் சுவரில் கோடிட்டு எண்ணிக்கொண்டிருக்கலாம். இவனுக்கு எண்ணுவதற்கு ஒரு நாள் இல்லை. செய்கையின்போது புத்தி ஸ்வாதீனமின்றி இருந்தான், ஆகையால் குற்றவாளியல்லன் என்று தீர்மானிக்கப்பட்டவனைப் பற்றியே நாம் பேசுகிறோம். அவனுக்காகப் பொதுக்கூட்டம் கூட்டுவாரில்லை, ஊர்வலம் போவாரில்லை. ஆயினும் ஒரு பிரஜையின் சரீர சுதந்திரம் யார் கையில் இருக்கவேண்டும் என்ற கேள்வி அவனுடைய வழக்கில் அடங்கியிருப்பதால், ராஜீய விஷயங்களில் சிரத்தையுள்ள நேயர்கள் இதைக் கவனிக்கவேண்டுமென்று விரும்புகிறோம்.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1860-ஆம் வருஷத்து இந்தியன் பீனல் கோடின் 84-ஆவது பிரிவு, புத்தி ஸ்வாதீனமின்மையால் தன் செய்கை இன்னதென்றோ, அது தவறென்றோ, சட்டத்துக்கு விரோதமென்றோ அறிய இயலாதவன் செய்தது குற்றமாகாது என்றது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய ஸன்ஹிதையின் 22-ஆவது பிரிவு அதையே சொல்லுகிறது. அறிவில்லாத இடத்தில் குற்றமில்லை என்பது எந்த நாட்டுத் தர்மத்துக்கும் ஒத்ததே. இவ்விதம் விடுதலை செய்யும் நீதிபதி, அச்செய்கையை அவன் செய்தானா இல்லையா என்பதையும் தீர்ப்பில் எழுதவேண்டும். செய்தான் என்று கண்டால் ஒன்று அவனைப் பத்திரமான காவலில் வைக்க உத்தரவிடவேண்டும். அல்லது உறவினரோ சிநேகிதரோ மனுச் செய்து, தக்க ஜாமீன் கொடுத்து, அவன் தனக்கும் பிறர்க்கும் தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வதாக ஏற்றால் அவர் வசம் ஒப்புவிக்கவேண்டும். புதிய நடைமுறைச் சட்டத்தில் இவை 373, 374-ஆவது பிரிவுகள். இதுவரையில் நமக்கு ஆட்சேபமில்லை. வியாதி தணியாத ஒருவனைத் தெருவில் விட்டுவிடுங்கள் என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

நமது ஆட்சேபம் அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. வியாதி தணிந்த பிறகு இவனை வெளியே விடுபவர் யார்? தண்டிக்காமல் விடுவித்த நீதிபதி அல்ல. வைத்தியம் பார்த்த டாக்டரும் அல்ல. சிறை இலாகாத் தலைவரோ, ஆஸ்பத்திரியைப் பார்வையிடும் அதிகாரம் பெற்றவர்களோ, இவனை வெளியே விட்டால் இவனுக்கும் பிறருக்கும் அபாயமில்லை என்று சர்டிபிகேட் கொடுக்கவேண்டும். கொடுத்த பிறகு, 377-ஆவது பிரிவின்படி, மாகாண சர்க்கார் அவனை விடுவிக்க உத்தரவிடலாம். காவலிலேயே வைக்கவும் உத்தரவிடலாம். வேறோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றவும் உத்தரவிடலாம். மாற்றினால், ஒரு நீதி உத்தியோகஸ்தரும் இரு வைத்திய உத்தியோகஸ்தர்களும் அடங்கிய கமிஷனை நியமிக்கலாம். அந்தக் கமிஷன் சாட்சியம் வாங்கி ரிப்போர்ட்டு எழுதிய பிறகும் சர்க்கார் தனக்குத் தோன்றியபடி உத்தரவிடலாம். எங்கே பார்த்தாலும் ‘லாம்’. ‘வேண்டும்’ என்ற சொல் சர்க்காருக்கு எதிராக ஓரிடத்திலும் இல்லை. இத்தனை நாளைக்குள் என்ற கெடுவும் இல்லை. தமிழில் இரண்டெழுத்து விகுதி. ஒரு மனிதனுடைய ஆயுள் அதில் கழிந்துவிடக்கூடும்.

இது ஏட்டில் மட்டும் உள்ள பயமன்று என்பது விளங்க, பேச்சிப்பாறை மலையடிவாரத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டிப் பிழைக்கும் ஒரு தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்வோம். இருபத்தைந்து வயதில் அவன் காதில் யாரோ பேசுவதுபோலக் கேட்கத் தொடங்குகிறது. வீட்டார் முதலில் மந்திரித்துப் பார்க்கிறார்கள். பிறகு கோவில்களுக்கு அழைத்துப் போகிறார்கள். ஒருநாள் விடியற்காலையில், மரம் வெட்டப்போகும் நேரத்தில், கையிலிருந்த பால்வெட்டுக் கத்தியால் அண்ணனைக் குத்திவிடுகிறான். நாகர்கோவில் செஷன்ஸ் கோர்ட்டுக்கு வழக்குப் போகிறது. தன்னைத் தற்காத்துக்கொள்ள இயலாத நிலையில் உள்ளவனை விசாரிக்கக்கூடாதென்பது சட்டம். ஆதலால் முதலில் அவனுக்குச் சிகிச்சை நடக்கிறது; மருந்து பலிக்கிறது; அவன் தெளிவடைந்த பிறகே விசாரணை தொடங்குகிறது. அதாவது, கூண்டில் நின்று தீர்ப்பைக் கேட்பவன் கத்தியை எடுத்த நாளில் இருந்தவனல்லன். நடந்தது என்னவென்று அவனுக்கு இப்போது தெரியும். தன் அண்ணன் இல்லையென்பதும், இல்லாமற் செய்தது தன் கையென்பதும் தெரியும். அவன் தெளிந்திருப்பதனாலேயே அவனை விசாரிக்க முடிந்தது. அவன் அன்று தெளிவின்றி இருந்ததனாலேயே இன்று காவலில் வைக்கிறார்கள். விசாரணைக்குத் தகுந்த தெளிவும் முழுச் சுகமும் ஒன்றல்ல என்று டாக்டர்கள் சொல்லுவார்கள். மெய்தான். அப்படியானால் முழுச் சுகம் எப்போது வந்தது என்று பார்த்துச் சொல்லும் கடமை ஒருவருக்கு இருக்கவேண்டுமல்லவா?

அவனை எங்கே அனுப்புவார்கள்? பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிந்தபோது அப்பகுதி திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. அக்காலத்தில் நாஞ்சில் நாட்டாருக்குச் சித்தப்பிரமை என்றால் திருவனந்தபுரத்து ஊளம்பாறை. 1870-இல் ஏற்பட்ட அந்த ஆஸ்பத்திரி, மலையடிவாரத்திலிருந்து ஒரே நாளில் போய்ப் பார்த்துத் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது. அந்த இணைப்புக்காகப் பாடுபட்டவர்களின் தியாகத்தை எவரினும் அதிகமாகப் போற்றுகிறோம். ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் எல்லை மாறியதன் பலன் வேறாயிற்று: அவனுக்குரிய ஆஸ்பத்திரி இப்போது சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. 1794-இல் கம்பெனியார் காலத்தில் தொடங்கி, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த பழைய ஸ்தாபனம் அது. பேச்சிப்பாறையிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர். பார்க்கப் போகிறவள் தாயாயிருந்தால், பஸ்ஸில் நாகர்கோவில் வந்து, இரவு முழுவதும் ரயிலில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத நகரத்தில் இறங்கவேண்டும். இரண்டு நாள் கூலி போகும்; ரயில் சத்தம் வேறு. முதல் வருஷம் மூன்று தடவை போவாள். அடுத்த வருஷம் ஒரு தடவை. பிறகு வயதாகிவிடும்.

இந்த இடத்தில்தான் சட்டத்திலுள்ள ‘உறவினரோ சிநேகிதரோ’ என்ற சொற்கள் பொருளற்றுப் போகின்றன. இத்தகைய வழக்குகள் பலவற்றில் உயிரிழந்தவர் வேற்றாரல்லர். மனைவி, தாய், உடன்பிறந்தான், பெற்ற பிள்ளை என்று வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள். ஜாமீன் எழுதிக்கொடுக்க வேண்டியவர்களும் அவர்களே. அண்ணனைப் பறிகொடுத்த அண்ணி, கொழுந்தனுக்காகச் சர்க்காருக்கு மனுப் போடுவாளா? போடவில்லையென்று அவள்மேல் குறைசொல்ல நமக்கு என்ன உரிமை? தாய் போட நினைத்தாலும், ‘அவனை ஊருக்குள் கொண்டுவராதே’ என்று சொல்லும் ஊரார் இருப்பார்கள். அவர்களுடைய பயமும் பொய்யன்று. ஆக, சர்டிபிகேட் இருந்தும் அழைத்துப்போக ஆளில்லை என்ற ஒரே காரணத்தால் பைல் மேஜையை விட்டு நகராது. குடும்பத்தின் துக்கத்தையும் ஏழ்மையையும் ஒருவனுடைய சிறைவாசத்துக்கு அளவுகோலாக வைப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பது அறியத்தக்கது. 1800 மே 15-ஆம் தேதி லண்டனில் ட்ரூரி லேன் நாடகசாலையில் ஜேம்ஸ் ஹாட்பீல்ட் என்ற பழைய சிப்பாய் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நோக்கிச் சுட்டான். யுத்தத்தில் தலையில் வெட்டுப்பட்டு மூளை கலங்கியவன் அவன். எர்ஸ்கின் என்ற பெயர்பெற்ற வக்கீல் வாதாடி அவனை விடுவித்தார். விடுவித்த மாத்திரத்தில் பிரபுக்களுக்குத் திகில் உண்டாயிற்று. இவன் வெளியே போய்விடுவானே! அவசர அவசரமாக ஒரு சட்டம் செய்து, முன்தேதியிட்டு அவனுக்கும் பொருந்தும்படி எழுதிக்கொண்டார்கள். இவ்விதம் விடுதலையாகிறவர்களை ‘மன்னரின் இஷ்டம் தெரியும்வரை’ காவலில் வைக்கலாம் என்பது அச்சட்டத்தின் சாரம். ஹாட்பீல்ட் 1841-இல் காவலிலேயே இறந்தான். 1843-இல் பிரதம மந்திரி பீலின் காரியதரிசியைச் சுட்டுக்கொன்ற மக்நாட்டனும் விடுதலை பெற்று, 1865-இல் பிராட்மூர் ஆஸ்பத்திரியில் இறந்தான். அவன் வழக்கையொட்டி ஆங்கில நீதிபதிகள் வகுத்த விதிகளே நமது 84-ஆவது பிரிவுக்கு மூலம். விதி வந்த கப்பலிலேயே மன்னரின் இஷ்டமும் வந்திறங்கிற்று. 1898-ஆம் வருஷத்து நடைமுறைச் சட்டத்தில் அது மாகாண சர்க்காரின் இஷ்டமாயிற்று. 1973-இல் சட்டத்தைப் புதிதாக எழுதினார்கள். இஷ்டம் அப்படியே இருந்தது. அன்னிய ஆட்சியின் அடையாளங்களைத் துடைக்கிறோம் என்று சொல்லி 2023-இல் மறுபடியும் எழுதினார்கள். பிரிவுகளின் இலக்கம் மாறிற்று; ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்ற பழைய பெயர் மாறிற்று; இஷ்டம் மாறவில்லை.

இங்கிலாந்தில் மாறிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். இத்தகைய நோயாளிகளை விடுவிப்பது உள்நாட்டு மந்திரியின் கையில் மட்டும் இருப்பது தவறு, காவல் நியாயமா என்று குறித்த காலங்களில் பரிசீலித்து விடுவிக்கும் அதிகாரம் ஒரு நீதி ஸ்தானத்துக்கு இருக்கவேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு 1981-இல் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக 1983-ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தில் அந்த அதிகாரம் தனி டிரிபியூனலுக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் கதை நேராகப் போகவில்லை. ஒரு ஜாக்கெட்டைத் திருட முயன்று, புத்தி ஸ்வாதீனமின்மையால் விடுதலையான ஒருவன், அக்குற்றத்துக்குரிய அதிகபட்ச தண்டனையான ஒரு வருஷத்தையும் தாண்டிக் காவலில் இருந்தான். அது செல்லுமென்று 1983-இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவு செய்தது. ஆனால் அதே கோர்ட்டு 1992-இல், வியாதி இல்லாதவனை அபாயகரமானவன் என்ற காரணத்தை மட்டும் காட்டி ஆஸ்பத்திரியில் வைத்திருக்கக்கூடாது என்றும் தீர்த்தது.

நமது தேசீய இயக்கத்தின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு ‘சர்க்காரின் இஷ்டப்படி காவல்’ என்பது புதிய சொல்லன்று. 1818-ஆம் வருஷத்து மூன்றாவது ரெகுலேஷனின் கீழ்தான் 1907-இல் லாலா லஜபதி ராயை விசாரணையின்றி மாந்தலேக்கு அனுப்பினார்கள். அந்த ரெகுலேஷனையும் ரௌலட் சட்டத்தையும் நாடு ஏன் வெறுத்தது? அடைத்தவர்களே விடுவிக்கவும் வேண்டும், இடையில் கேட்பாரில்லை என்பதனால்தானே. 1908-இல் திருநெல்வேலியில் பின்ஹே துரை வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது மகா கொடுமை. ஆயினும் அது தண்டனையாக இருந்தமையால் மேல்கோர்ட்டில் வாதாடிக் குறைக்க முடிந்தது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தார். தண்டனையே இல்லாதவன் எதைக் குறைக்கச் சொல்லி அப்பீல் செய்வான்?

நமது சுதந்திர பாரதத்தில் நடந்தவற்றை இனிச் சொல்லவேண்டும். அஸ்ஸாம் மாகாணம் மோரிகாவ் பகுதியைச் சேர்ந்த மச்சல் லாலுங் என்ற பழங்குடி வாலிபரை 1951-இல், ஒருவருக்குக் கொடுங்காயம் விளைவித்ததாகப் பிடித்தார்கள். புத்தி ஸ்வாதீனமில்லையென்று தேஜ்பூர் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 1967-இல் அவர் தெளிந்துவிட்டார், விசாரிக்கலாம் என்று ஆஸ்பத்திரியார் எழுதினார்கள். விசாரிக்கவில்லை, கௌஹாத்தி ஜெயிலுக்கு மாற்றினார்கள். 2005-இல் தேசீய மனித உரிமைக் கமிஷன் தலையிட்டபின், ஒரு ரூபாய் ஜாமீனில் அவர் வெளியே வந்தபோது 54 வருஷங்கள் கழிந்திருந்தன. போகும்போது இருபத்துமூன்று வயது, வரும்போது எழுபத்தேழு. சுப்ரீம் கோர்ட்டு மூன்று லட்ச ரூபாய் நஷ்ட ஈடும் மாதம் ஆயிரம் ரூபாயும் கொடுக்கச் சொல்லிற்று. 2007-இல் அவர் இறந்துபோனார். அவர் விடுதலைத் தீர்ப்புப் பெற்றவரல்லர், விசாரணையே நடக்காதவர் என்று வக்கீல்கள் குறுக்கிடலாம். ஆனால் இருவரையும் அடைத்துவைப்பது அதே அத்தியாயம். இருவரையும் மறந்துபோவதும் அதே குமாஸ்தாத்தனம்.

விடுதலைத் தீர்ப்பே பெற்றவர் ஒருவரையும் காட்டுகிறோம். பீஹாரைச் சேர்ந்த ருதுல் ஸாவை 1968 ஜூன் 3-ஆம் தேதி முஜபர்பூர் செஷன்ஸ் கோர்ட்டு விடுதலை செய்தது. அவர் ஜெயிலை விட்டு வெளியே வந்தது 1982 அக்டோபர் 16-ஆம் தேதி. இடையிலுள்ள 14 வருஷத்துக்குப் பீஹார் சர்க்கார் சொன்ன சமாதானம், தீர்ப்பின்போது அவருக்குப் புத்தி ஸ்வாதீனமில்லை என்பது. 1983-இல் சுப்ரீம் கோர்ட்டு அச்சமாதானத்தை ஏற்க மறுத்து, முன்பு கொடுத்த ஐயாயிரம் போக, முப்பதாயிரம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. சுதந்திரத்தைப் பறித்ததற்கு ரிட் மனுவிலேயே பணம் கொடுக்கச் செய்த அத்தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாராட்டிப் படிக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு எத்தனை ரூபாய் விழுகிறதென்று வகுத்துப் பார்க்கும்படி மாணவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. 1982-இல் ஹஜாரிபாக் மத்தியச் சிறையைப் பற்றி வீணா சேத்தி என்ற மாதரசி எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று சுப்ரீம் கோர்ட்டு விசாரித்தபோது, புத்தி தெளிந்த பின்னரும் வருஷக்கணக்காக அடைபட்டுக் கிடந்தவர்கள் வெளிப்பட்டார்கள். இந்த வழக்குகள் எல்லாவற்றிலும் கதவைத் திறந்தது சட்டத்தின் ஏற்பாடல்ல. வெளியிலிருந்து யாரோ ஒருவர் தற்செயலாகக் கவனித்ததுதான். கவனிக்கப்படாதவர்கள் எத்தனை பேர்?

2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் இதைச் சரிப்படுத்தவில்லையா என்று கேட்கலாம். அச்சட்டம் நல்ல சட்டமே. எந்தக் குற்றமும் செய்யாத ஒரு நோயாளியை அவன் சம்மதமின்றி நீண்டகாலம் வைத்துச் சிகிச்சை செய்யவேண்டுமானால், முதலில் 90 நாள், பிறகு 120 நாள், பிறகு 180 நாளுக்கொரு முறை என்று மாவட்ட நீதிபதி அந்தஸ்துள்ளவர் தலைமையிலான பரிசீலனை போர்டின் சம்மதத்தைப் பெறவேண்டும். கோர்ட்டு உத்தரவின்பேரில் இருப்பவனுக்கோ, ஆறு மாதத்துக்கொரு முறை டாக்டர் ஒரு விசேஷ ரிப்போர்ட்டு எழுதி, காவலில் வைக்க உத்தரவிட்ட அதிகாரிக்கு அனுப்பவேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த ரிப்போர்ட்டைப் படித்தவர் இன்னது செய்யவேண்டும் என்று இல்லை. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறதென்று நாள்தோறும் அளந்து பத்திரிகைகளுக்குக் கொடுக்கிறார்கள். 48 அடி அணை. மழைக்காலத்தில் மட்டம் ஏறினால் எஞ்சினீயர்கள் மதகைத் திறந்தாக வேண்டும். மந்திரி கையெழுத்து வரட்டுமென்று காத்திருந்தால் என்னாகுமென்று அவர்களுக்குத் தெரியும். கீழ்ப்பாக்கத்தில் அளவு எடுக்கிறார்கள்; மதகுக்கு விதி எழுதவில்லை.

ஜனங்களின் பத்திரத்தைப் பற்றிய கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. மருந்தை நிறுத்திவிட்டால் வியாதி திரும்பக்கூடும். ஆனால் ‘என்றும் உள்ளே’, ‘நாளைக்கே வெளியே’ என்ற இரண்டைத் தவிர வேறு வழியில்லை என்பது சோம்பேறித்தனம். 1981 மார்ச் 30-இல் அமெரிக்க ஜனாதிபதி ரீகனைச் சுட்ட ஜான் ஹிங்க்லியை விட அபாயகரமானவன் என்று பெயரெடுத்தவன் அந்நாட்டில் இருந்திருக்கமாட்டான். 1982-இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்று ஆஸ்பத்திரிக்குப் போனான். கோர்ட்டின் மேற்பார்வையில் முதலில் பெற்றோரைச் சில மணிநேரம் பார்க்கவும், பிறகு சில நாள் தங்கவும் அனுமதி கிடைத்தது. 2016-இல் நிபந்தனைகளோடு தாயின் வீட்டில் வசிக்க விட்டார்கள். 2022 ஜூனில் நிபந்தனைகளும் நீங்கின. ஒவ்வொரு படியிலும் நீதிபதி இரு தரப்பு டாக்டர்களையும் கேட்டு, காரணத்தை எழுதி உத்தரவிட்டார். ஜனாதிபதியைச் சுட்டவனுக்குக் கிடைத்த அந்தப் படிகளில் ஒன்றாவது பேச்சிப்பாறைத் தொழிலாளிக்குக் கிடைக்கவேண்டாமா?

நமது மாவட்டங்களில் அதற்கு வேண்டிய சாதனங்கள் இல்லையென்று சொல்லமுடியாது. 1996-இல் நாட்டில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. ஆசாரிப்பள்ளத்தில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. வெளியே வருகிறவன் மாதம் ஒருமுறை அங்கே வந்து டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கவேண்டும், வராவிட்டால் தேடிப் போகவேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். சொந்த வீட்டுக்குப் போகமுடியாதவனுக்கு வேறோர் இடத்தில் தங்கும் விடுதியைச் சர்க்காரே ஏற்படுத்தி, ஜாமீனும் தானே நிற்கவேண்டும். குணமாகியும் ஆஸ்பத்திரிகளில் தங்கிவிட்டவர்களுக்கு மறுவாழ்வுக்கு வழி செய்யும்படி சுப்ரீம் கோர்ட்டு 2017-இலேயே எல்லா மாகாணங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. அந்த ஏற்பாட்டில் இவர்களையும் சேர்ப்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

சட்டத்தைத் திருத்த டில்லியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. கிரிமினல் நடைமுறை அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ள விஷயம். தமிழ்நாட்டுச் சட்டசபை திருத்தம் செய்து ஜனாதிபதியின் சம்மதத்தைப் பெறலாம். 377-ஆவது பிரிவில் சர்க்காருக்குள்ள இறுதி அதிகாரத்தை எடுத்து, தீர்ப்பளித்த செஷன்ஸ் கோர்ட்டுக்கோ பரிசீலனை போர்டுக்கோ கொடுத்து, ஆறு மாத ரிப்போர்ட்டு வந்தால் இத்தனை நாளைக்குள் கைதியின் வக்கீலையும் கேட்டு உத்தரவிட்டாக வேண்டும் என்று எழுதினால் போதும். அதற்கு முன்பாகச் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. புத்தி ஸ்வாதீனமின்மையால் விடுதலை பெற்று இன்றும் காவலில் இருப்பவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எந்த வருஷம் தீர்ப்புப் பெற்றார்கள், கடைசி ரிப்போர்ட்டு எந்தத் தேதியில் யாருக்குப் போயிற்று, அதன்மேல் என்ன உத்தரவாயிற்று என்று கன்னியாகுமரி மாவட்டத்து அங்கத்தினர் ஒருவர் சட்டசபையின் அடுத்த கூட்டத்தில் கேள்வி போடட்டும். மந்திரி மேஜைமேல் வைக்கும் ஜாபிதாவைப் பெயர்களை நீக்கி இப்பத்திரிகையில் முழுவதும் பிரசுரிக்க நாம் தயாராயிருக்கிறோம்.